மாற்றுலகங்களை ஆராய எந்த வழி? ஆங்கில ஊகப் புனைவுக்கான நான்கு அணுகுமுறைகளின் ஒப்பீடு

ஆங்கில ஊகப் புனைவில், அதாவது அறிவியல் புனைவு, மிகுபுனைவு, மாற்று வரலாறு போன்றவற்றில், வரும் மாற்றுலகங்களை ஆராய விரும்பும் மாணவர் எந்த நாவலை எடுப்பது என்பதை விரைவிலேயே முடிவு செய்துவிடுகிறார். அதை எந்தக் கோட்பாட்டின் துணையோடு படிப்பது என்பதில்தான் தடுமாறுகிறார். டார்கோ சுவின் வகுத்த அறிவுவழி அந்நியப்படுத்தல், டோல்கீன் தொடங்கி வைத்த இரண்டாம் உலகச் சிந்தனை, தத்துவத்திலிருந்து இலக்கியத்துக்கு வந்த சாத்திய உலகக் கோட்பாடு, சாமுவேல் டெலானியின் வாக்கிய வாசிப்பு ஆகிய நான்கும் இன்று போட்டியில் உள்ளன. நான்கையும் ஓர் ஆய்வேட்டின் முன்னுரையில் வரிசையாக அறிமுகப்படுத்திவிட்டு, பிறகு எதையும் பயன்படுத்தாமல் கதைச் சுருக்கம் எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆய்வுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஒரே நாவலின் மீது நான்கையும் செலுத்திப் பார்த்தால்தான் எது எங்கே உதவுகிறது, எது எங்கே கைவிடுகிறது என்பது தெரியவரும்.

அதற்கு இரண்டு நாவல்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, உர்சுலா கே. லெ குவின் 1974இல் வெளியிட்ட 'தி டிஸ்பொசெஸ்ட்'. அரசும் தனியுடைமையும் இல்லாத சமூகம் ஒன்று அனாரஸ் என்னும் வறண்ட கோளில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்துவருகிறது. அங்கிருந்து ஷெவெக் என்னும் இயற்பியலாளர் செல்வம் கொழிக்கும் உர்ராஸுக்குப் பயணம் போகிறார். இரண்டாவது, சைனா மியேவில் 2009இல் வெளியிட்ட 'தி சிட்டி அண்ட் தி சிட்டி'. பெஷல், உல் கோமா என்ற இரண்டு நகரங்கள் ஒரே நிலப்பரப்பில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரு நகரத்தார் மற்ற நகரத்தின் கட்டடங்களையும் மனிதர்களையும் கண்ணெதிரே இருந்தாலும் காணாமல் விடக் குழந்தைப் பருவம் முதலே பழக்கப்படுத்தப்படுகிறார்கள். அந்த எல்லையை மீறுபவர்களைப் 'பிரீச்' என்னும் அதிகார அமைப்பு கொண்டுபோய்விடும்.

சுவினின் நூல் ஆங்கிலத்தில் 1979இல் வந்தது. ரஷ்ய உருவவியலாளர் ஷ்க்லோவ்ஸ்கியிடமிருந்தும் நாடகாசிரியர் பிரெக்டிடமிருந்தும் அந்நியப்படுத்தல், அதாவது பழகியதைப் புதிதாகப் பார்க்கவைத்தல், என்ற கருத்தையும், தத்துவவாதி ஏர்ன்ஸ்ட் பிளாக்கிடமிருந்து 'நோவம்', அதாவது உலகையே மாற்றியமைக்கும் புதுமை, என்ற கருத்தையும் அவர் எடுத்துக்கொண்டார். ஆசிரியரின் காலத்து நடப்புலகத்திலிருந்து ஒரு புதுமையால் விலகி நிற்பதும், அந்த விலகலை அறிவின் வழியில் விளங்கிக்கொள்ள இடம் தருவதும் அறிவியல் புனைவின் இலக்கணம் என்றார். 'தி டிஸ்பொசெஸ்ட்' நாவலுக்கு இந்த அணுகுமுறை அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்துகிறது. உடைமை இல்லாத சமூகமே நோவம். அதன் தூரத்திலிருந்து பார்க்கும்போது பனிப்போர்க் காலத்து அமெரிக்காவின் சந்தையும் ராணுவமும் விசித்திரமாகத் தெரியத் தொடங்குகின்றன. சுவினின் வழியை ஒட்டி நடந்த ஃபிரெட்ரிக் ஜேம்சன், லெ குவின் தம் உலகங்களை எவ்வளவு கழித்துக் கழித்துக் கட்டுகிறார் என்பதை 1975இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். பசுமையற்ற நிலமும் விலங்குகள் அருகிய சூழலும் சேர்ந்து, வரலாற்றின் சுமையைக் குறைத்த ஒரு சோதனைக்களத்தை ஆசிரியருக்குத் தருகின்றன என்ற அந்தக் கவனிப்பு இன்றும் கூர்மையானது.

மியேவிலின் நாவலில் இதே அணுகுமுறை தடுமாறுகிறது. அங்கே புதிய எந்திரமும் இல்லை, புதிய அறிவியல் விதியும் இல்லை. மிகுபுனைவை (ஃபேண்டசியை) அறிவுக்கு எதிரானதென்று 1979இல் சுவின் ஒதுக்கிவைத்தார். பதிப்பகங்கள் அதை அறிவியல் புனைவோடு ஒரே வகையாக விற்பதைக்கூடக் கடுமையாகச் சாடினார். 2000இல் எழுதிய நீண்ட கட்டுரையில் அந்த நிலைப்பாட்டை ஓரளவு தளர்த்திக்கொண்டார். அதே ஆண்டில் கார்ல் ஃபிரீட்மன் ஒரு திருத்தத்தை முன்வைத்தார். கதையின் அறிவியல் உண்மையானதா என்று கேட்க வேண்டாம், அறிவின் விளைவை, அதாவது அறிவுக்கு ஏற்றது என்ற தோற்றத்தை, பிரதி உண்டாக்குகிறதா என்று கேட்டால் போதும் என்றார். மியேவில் விடவில்லை. அப்படியானால் நாம் அளப்பது அறிவை ஆகாது, நம்பவைக்கும் ஆசிரியரின் அதிகாரத்தைத்தான் என்று 2009இல் ஒரு கட்டுரையில் எழுதினார். இந்த விவாதத்தில் மியேவில் சொல்வதே சரி என்று நான் கருதுகிறேன். ஒளியை விஞ்சும் விண்கலத்துக்கு இரண்டு வரி விளக்கம் தந்துவிட்டால் அறிவியல், தராவிட்டால் மாயம் என்ற பிரிவினை, மாற்றுலகம் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை.

டோல்கீன் 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவு எதிர்த்திசையில் நின்றது. ஆசிரியர் ஓர் இரண்டாம் உலகத்தைப் படைக்கிறார், அதற்குள் நுழைந்தவருக்கு அதன் விதிகளே உண்மை என்றார் அவர். இந்த மரபை மார்க் ஜே. பி. வுல்ஃப் 2012இல் விரிவாக முறைப்படுத்தி, புதுமை, முழுமை, முரணின்மை என்ற மூன்று பண்புகளால் கற்பனை உலகங்களை எடைபோடலாம் என்றார். வரைபடம், காலக்கணக்கு, வம்சாவளி, மொழி எனப் பல தொகுதிகளிலும் பல ஊடகங்களிலும் விரியும் உலகங்களுக்கு இது நல்ல துணை. ஒற்றை நாவலை எடுத்து ஆராய்பவருக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மியேவிலின் இரு நகரங்கள் ஐரோப்பாவின் எந்த மூலையில் உள்ளன என்பதை நாவல் வேண்டுமென்றே தெளிவாக்காமல் விடுகிறது. முழுமையை அளவுகோலாக வைத்தால் அந்தத் தெளிவின்மை குறையாகிவிடும். உண்மையில் நாவலின் வலிமையே அதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு புனைவையும் தனக்கென விதிகள் உள்ள ஓர் உலகமாகப் பார்க்கும் சாத்திய உலகக் கோட்பாடு இந்த இடத்தில் பெரிய உதவி செய்கிறது. தாமஸ் பாவெல் 1986இலும், மாரி-லோர் ரயன் 1991இலும், லுபோமிர் டோலெஷெல் 1998இலும் வெளியிட்ட நூல்கள் இதன் தூண்கள். இவர்களில் டோலெஷெல் நம் விஷயத்துக்கு மிகவும் நெருக்கமானவர். புனைவுலகம் எதுவும் முழுமையானதாக இருக்க முடியாது, சொல்லப்படாதவை அதன் அமைப்பின் பகுதியே என்பது அவருடைய அடிப்படை. அதற்கு மேல், கதைகளை உருவாக்கும் நான்கு வகைக் கட்டுப்பாடுகளை அவர் பிரித்துக் காட்டுகிறார்: எது நடக்கக்கூடும், எது அனுமதிக்கப்பட்டது, எது மதிப்புடையது, எது அறியப்பட்டது. எளிய அட்டவணைபோலத் தோன்றும் இந்தப் பிரிவினையை நாவல்களின் மீது செலுத்திப் பார்த்தவர்களுக்கே அதன் ஆழம் புரியும்.

மியேவிலின் உலகில் இயற்கை விதி ஏறக்குறைய எதுவும் மாறவில்லை. மாறியிருப்பது இரண்டாவது கட்டுப்பாடு மட்டுமே: எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்ற விதி. அந்த ஒற்றை மாற்றத்திலிருந்து நகரமைப்பு, உடை, நடை, காவல் துறை விசாரணை அனைத்தும் பிறக்கின்றன. நோவம் எங்கே என்று தேடிக் களைத்த ஆய்வாளருக்கு இது உடனே விடை தருகிறது. 'தி டிஸ்பொசெஸ்ட்' நாவலில் முதன்மையாக மாறியிருப்பது மதிப்பின் ஒழுங்கு. அனாரஸில் சட்டம் இல்லை என்பதால் அனுமதியின் ஒழுங்கு வெறுமையாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. ஷெவெக்கின் ஆய்வை அவருடைய சமூகமே முடக்கும்போது, அயலாரின் கருத்தும் பழக்கமும் சட்டத்தின் இடத்தில் உட்கார்ந்துவிட்டதை வாசகர் கண்டுகொள்கிறார். நாவலின் துணைத்தலைப்பு இந்தக் கனவுலகை ஈரடியானது, அதாவது ஒரு பக்கமாக உறுதிசெய்ய முடியாதது, என்று அழைப்பதன் காரணத்தை, இந்த இரண்டு ஒழுங்குகளுக்கு இடையே உள்ள இழுபறியாகத் துல்லியமாக விளக்க முடிகிறது. சுவினின் வழியில் போனவர்கள் அனாரஸை உர்ராஸுக்கு எதிரான கண்ணாடியாகப் பார்க்கும் அவசரத்தில், அனாரஸின் உள்முரணை இரண்டாம் நிலைக்குத் தள்ளிவிடும் ஆபத்து உண்டு.

ரயன் சொல்லும் குறைந்தபட்ச விலகல் என்ற விதியை நான் அவ்வளவு எளிதாக ஏற்கமாட்டேன். பிரதி வேறுவிதமாகச் சொல்லாதவரை, புனைவுலகம் நம் உலகத்தைப் போன்றதே என்று வாசகர் எடுத்துக்கொள்கிறார் என்பது அந்த விதி. யாருடைய உலகம் என்ற கேள்வி அதில் போதுமான அழுத்தத்தோடு எழுப்பப்படுவதில்லை. இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர ஆங்கிலத்தில் எழுதி 2023ஆம் ஆண்டுக்கான நெபுலா விருதைப் பெற்ற 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' இதற்குச் சரியான சோதனை. நாயகன் ஃபெட்டர், துறவியும் வழிபாட்டுக்குரியவருமாகிய தன் தந்தையைக் கொல்வதற்காகத் தாயால் வளர்க்கப்பட்டவன். பௌத்த மரபில் வரும் புத்தரின் மகன் ராகுலன் கதையை அறிந்தவருக்கும், இனவாரியான பதிவேடுகளும் முகாம்களும் மதப் பெரும்பான்மையின் வன்முறையும் எத்தகையவை என்று அறிந்தவருக்கும் அந்த நாவலின் பல பக்கங்கள் விலகலாகவே தெரிவதில்லை. இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ இருந்து படிப்பவருக்கு அங்கே அந்நியமாகத் தெரிவதும் அறிமுகமாகத் தெரிவதும், நியூயார்க்கில் இருந்து படிப்பவருக்குத் தெரிவதிலிருந்து வேறுபடும். ஆய்வாளர் தம் தொடக்கப்புள்ளி எது என்பதை வெளிப்படையாக எழுதிவிட்டு அந்த விதியைப் பயன்படுத்துவது நேர்மையானது.

டெலானியின் அணுகுமுறை, டோல்கீனின் சொற்பொழிவைத் தவிர, இவை எல்லாவற்றுக்கும் முன்பே வந்தது. 1960களின் இறுதியில் எழுதிய கட்டுரை ஒன்றில், 'செஞ்சூரியன் உச்சியில், நீலச் சூரியன் தாழ்வில்' என்ற பொருள்படும் ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் வரும்போது வாசகர் மனத்தில் இருந்த படம் எப்படித் திருத்தப்படுகிறது என்று பின்தொடர்ந்தார். செந்நிறம் என்றதும் எழுந்த படம், சூரியன் என்றதும் அந்தியாக மாறுகிறது. உச்சியில் என்றதும் அந்தி கலைகிறது. நீலம் வந்ததும் நம் வானமே போய்விடுகிறது. உலகம் கதைக்குப் பின்னால் எங்கோ காத்திருக்கும் பொருள் இல்லை, வாக்கியத்துக்கு வாக்கியம் கட்டப்படும் ஒன்று என்பதே அவருடைய கோட்பாடு. லெ குவினின் நாவலைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1977இல் வெளிவந்த தொகுப்பில் இருக்கிறது; நாவல் அறிவிக்கும் கொள்கைகளும் அதன் வாக்கியங்கள் காட்டும் வாழ்க்கையும் எங்கெங்கே பொருந்தவில்லை என்று அது வரிவரியாகக் கேள்வி எழுப்புகிறது. 1976இல் அவர் எழுதிய 'டிரைட்டன்' நாவலே லெ குவினின் துணைத்தலைப்போடு நேருக்கு நேர் உரையாடுகிறது. ஒரு கோட்பாட்டாளர் தம் எதிர்வாதத்தை மற்றொரு மாற்றுலகமாகவே எழுதிக் காட்டியது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இதன் குறை, அளவு. முந்நூறு பக்க நாவலை இந்த நுணுக்கத்தோடு முழுவதுமாகப் படிக்க எந்த ஆய்வேட்டிலும் இடம் இருக்காது. தேர்ந்தெடுத்த பத்திகளே சான்றாக நிற்கும், அந்தத் தேர்வு ஆய்வாளரின் விருப்பத்துக்கு வளைந்துவிடக்கூடும். ஆகவே ஒற்றை நாவலை ஆராய்பவருக்கு நான் சொல்லும் வரிசை இது: நாவலின் தொடக்கப் பக்கங்களை டெலானியின் முறையில் படித்து, உலகம் எந்தச் சொற்களால் கட்டப்படுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும், பிறகு டோலெஷெலின் நான்கு கட்டுப்பாடுகளில் எது மாறியிருக்கிறது என்று தீர்மானிக்க வேண்டும், அந்த மாற்றம் ஆசிரியரின் காலத்தை எப்படிக் கேள்வி கேட்கிறது என்ற சுவினின் கேள்வியை மூன்றாவதாக எழுப்ப வேண்டும். சுவினை முதலில் வைத்தால் விடை முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது, நாவல் அதற்கு எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிடுகிறது.

மாற்று வரலாற்றுப் புனைவில் இந்த வரிசை இன்னும் அவசியமாகிறது. ஃபிலிப் கே. டிக் 1962இல் வெளியிட்ட 'தி மேன் இன் தி ஹை கேஸில்' நாவலில், 1933இல் மயாமியில் ரூஸ்வெல்ட்டைச் சுட ஜுசெப்பே சங்காரா செய்த முயற்சி வெற்றி பெறுகிறது. பின்னர் ஜெர்மனியும் ஜப்பானும் போரில் வென்று அமெரிக்காவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வரலாறு எந்தப் புள்ளியில் கிளை பிரிந்தது என்று கண்டுபிடித்ததும் ஆய்வு முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். நாவலுக்குள் நேச நாடுகள் வென்றதாகச் சொல்லும் இன்னொரு நாவல் இருக்கிறது, அதில் வரும் வரலாறும் நம்முடையது இல்லை. எது உண்மையுலகம் என்பதே அறியப்படாமல் போகும் அந்த நிலையை, அறிதலைப் பற்றிய டோலெஷெலின் நான்காவது கட்டுப்பாடு நன்றாக விளக்குகிறது. ஆனால் தோற்றுப்போன அமெரிக்கா எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜப்பானியருக்குப் பழம்பொருள் விற்கும் ராபர்ட் சில்டனின் மனவோட்டத்தைப் படிக்க வேண்டும். இடைச்சொற்கள் உதிர்ந்து, துண்டுதுண்டாக, தன்னை ஆள்பவர்கள் பேசும் ஆங்கிலத்தின் சாயலில் அவன் தனக்குள்ளேயே சிந்திக்கத் தொடங்கியிருக்கிறான்.