மார்செய் ஹார்பர்ல மீன் சூப் சாப்பிடப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

பிரான்ஸ்ல இருக்கிற மார்செய் ஊரோட பழைய துறைமுகம், அதாவது வியு போர், அங்க தண்ணியோரமா வரிசையா இருக்கிற ரெஸ்டாரண்ட் ஒண்ணுல எங்க தலையில நல்லா மிளகா அரைச்சிட்டாங்க. கடை பேர் போடல, பக்கத்துல இருக்கிறதும் அதே ரகமாத்தான் தெரிஞ்சுது.

ஊர் மேல தப்பே இல்ல. 1995லேர்ந்து யூரோமெடிட்டரானேன்னு ஒரு திட்டம் போட்டு பழைய குடோனை எல்லாம் ஆபீஸ், கடைன்னு மாத்திட்டே இருக்காங்க, 2013ல முசெம் மியூசியம் திறந்தாங்க, அதே வருஷம் ஹார்பர் முனையில ஆர்க்கிடெக்ட் நார்மன் ஃபாஸ்டர் டிசைன் பண்ண, முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பளபளக்கிற ஸ்டீல் கூரையும் வந்துச்சு, கீழ நின்னு அண்ணாந்து பார்த்தா நாமளே தலைகீழா தெரியுறோம், செம. கூட்டம் அள்ளுது, அதை நம்பித்தான் இந்த மாதிரி கடைங்க பொழைக்குது.

வாசல்ல "பூயாபெஸ் 28 யூரோ"ன்னு போர்டு. அந்த ஊர் ஃபேமஸ் மீன் சூப். வந்தது ஒரே கிண்ணம், ஆரஞ்சு கலர் தண்ணி (எங்க வீட்டு ரசம் இதைவிட கெட்டியா இருக்கும்), அதுல ரெண்டு சால்மன் துண்டு, ஃப்ரீசர் வாடையோட நாலு சிப்பி. மெடிட்டரேனியன்ல ஏதுய்யா சால்மன்? 1980ல அந்த ஊர் ரெஸ்டாரண்ட்காரங்க சில பேர் சேர்ந்து இதுக்கு ஒரு சாசனமே எழுதியிருக்காங்க, ராஸ்காஸ், கடல் விலாங்குன்னு லிஸ்ட்ல இருக்கிற மீன்ல நாலு வகையாவது இருக்கணும், மீனை முழுசா கொண்டுவந்து காட்டி நம்ம கண்ணு முன்னாடி வெட்டி வைக்கணும். அதுக்கு ஆளுக்கு 60, 70 யூரோ தாராளமா ஆகும், பல இடத்துல முன்கூட்டியே சொல்லி வைக்கணும். 28ன்னு போர்டு பார்த்தா நடையைக் கட்டுங்க.

பில்தான் இன்னும் கொடுமை. கேக்காமலே உடைச்சு வச்ச தண்ணி பாட்டில் 9 யூரோ, ரொட்டிக்குத் தனி காசு. பிரான்ஸ்ல சாப்பாட்டோட சாதா ரொட்டியும் குழாய்த் தண்ணியும் ஃப்ரீ, "கராஃப் தோ"ன்னு கேட்டா ஜக்ல தருவாங்க. சண்டை போட்டதும் வெயிட்டர் பாட்டில் காசை மட்டும் கழிச்சான். சர்வீஸ் சார்ஜ் விலையிலயே அடக்கம், ஆனாலும் கார்டு மெஷின்ல டிப்ஸ் 10, 15, 20 பர்சன்ட்னு காட்டிட்டு நம்ம மூஞ்சியையே பார்த்துட்டு நிக்கிறான். அப்புறம் மெஷின் ரூபாயா யூரோவான்னு கேக்கும், அவனே ரூபாயை அமுக்கிட்டான், யூரோவை ரூபாயா மாத்துற ரேட்டு அநியாயம். மெஷினைக் கையில வாங்கி யூரோவை நீங்களே அமுக்குங்க.

சிக்னல்கான்சோன்னு அவங்க கவர்மெண்ட் சைட்ல கம்ப்ளெயின்ட் போட்டாச்சு, பதில் வரல. அங்க உருப்படியா பூயாபெஸ் கிடைக்கிற இடம் தெரிஞ்சா சொல்லுங்க, அடுத்த மாசம் என் தம்பி போறான்.