வன்னி வெக்கையில் முதல் சிவப்பு வைன்: மெர்லோவா, கபெர்னே சோவின்யோனா?

இரண்டும் பிரான்சின் போர்தோப் பக்கத்துத் திராட்சைகள்தான். கபெர்னேயின் பழம் சிறிது, தோல் தடிப்பு. அதனால் டானின், அதாவது தோலிலிருந்து வரும் துவர்ப்புப் பொருள், கூட. சாயம் ஏறிய பிளேன்டீ குடித்ததுபோல முரசும் நாக்கும் வறளும். மெர்லோ முந்திப் பழுக்கும், தோல் மெல்லிசு, வாயில் மெதுவாய் இறங்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு மெர்லோதான் என் தெரிவு.

சாப்பாட்டோடு பார்த்தாலும் அதே கதை. டானினும் மதுசாரமும் மிளகாயின் எரிவைக் கூட்டும். உறைப்பான ஆட்டிறைச்சிக் கறிக்குப் பக்கத்தில் கபெர்னே கசக்கும். கொழுப்போடு சுட்ட இறைச்சி, மிளகுதூள் மட்டும் என்றால் கபெர்னே முந்தும்.

‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்று போத்தலில் இருப்பதை நம்பவேண்டாம். அது குளிர்நாட்டு அறை. கிளிநொச்சியில் சித்திரை மாதம் வீட்டுக்குள்ளேயே 30 பாகை தாண்டும். அந்தச் சூட்டில் மதுசாரம்தான் மூக்கில் குத்தும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வையுங்கோ. மெர்லோவுக்கு 16 பாகை, கபெர்னேக்கு 18 போதும். கூடக் குளிர்ந்தால் கபெர்னேயின் துவர்ப்புத் தூக்கலாகும்.

தகரக் கூரைக்குக் கீழே போத்தலை வைத்தால் இரண்டும் கெடும்: தக்கை மேலெழும்பும், பழவாசம் காய்ச்சிய ஜாம் வாசமாகும். திறந்த போத்தலை இறுக மூடி பிரிட்ஜில் வையுங்கோ. மெர்லோ இரண்டு நாள், கபெர்னே மூன்று நான்கு நாள் தாங்கும். போயா தினத்தில் விற்பனை இல்லை, முதல் நாளே வாங்கவேணும்.