ஃபீல்ட்ஸ் பதக்கம்: ஆர்க்கிமிடீசுக்கு உரிய மரியாதை

அறிவியலாளர்களின் நினைவாக வார்க்கப்படும் பதக்கங்கள் பெரும்பாலும் ஒரு முகத்தையும் இரண்டு ஆண்டுகளையும் பொறிப்பதோடு நின்றுவிடுகின்றன. அந்த மனிதர் என்ன கண்டறிந்தார் என்பதை உலோகத்திலேயே சொல்லிவிடும் பதக்கம் அரிது. கனடிய அரச நாணயச்சாலை 14 காரட் தங்கத்தில், 63.5 மில்லிமீட்டர் விட்டத்தில் அடிக்கும், சிறந்த கணிதவியலாளர்களுக்கு வழங்கப்படும் ஃபீல்ட்ஸ் பதக்கம் அத்தகைய அரிய படைப்பு என்பது என் உறுதியான கருத்து.

இதை நிறுவ முனைந்த கனடியக் கணிதவியலாளர் ஜான் சார்ல்ஸ் ஃபீல்ட்ஸ், எந்த நாட்டின் பெயரும் எந்த மனிதரின் பெயரும் இதனோடு சேரக் கூடாது என்று விரும்பினார். 1932இல் அவர் மறைந்த பிறகு உலகம் அவர் பெயராலேயே இதை அழைக்கத் தொடங்கினாலும், பதக்கத்தின் முகப்பில் வலப்புறம் நோக்கியிருப்பது பண்டைய கிரேக்கக் கணிதவியலாளர் ஆர்க்கிமிடீசின் தலைதான். அவர் காலத்து உருவப்படம் எதுவும் நமக்குக் கிடைக்காத நிலையில், மருத்துவராகவும் சிற்பியாகவும் விளங்கிய ராபர்ட் டெய்ட் மெக்கன்சி கற்பனையால் வடித்த அந்த முகத்தில் பொய்யான கம்பீரம் இல்லை.

பின்புறம்தான் என்னை மிகவும் கவர்கிறது. உருளைக்குள் கச்சிதமாகப் பொருந்தும் கோளத்தின் கன அளவு, அந்த உருளையின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு என்று நிறுவிய ஆர்க்கிமிடீஸ், தம் கல்லறையில் அந்த வடிவமே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதாக வரலாறு கூறுகிறது. கி.மு. 75இல் சிசிலியில் அதிகாரியாக இருந்த ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ, சிராக்கியூசில் புதர் மண்டிக் கிடந்த அக்கல்லறையை அடையாளம் கண்டதும் அந்தக் கோளத்தையும் உருளையையும் வைத்துத்தான். அதே வடிவம் ஆலிவ் கிளை ஒன்றின் பின்னே இங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் மீதுள்ள லத்தீன் வரிகள், உலகெங்கிலுமிருந்து கூடிய கணிதவியலாளர்கள் சிறந்த ஆக்கங்களுக்காக இதை வழங்கினர் என்கின்றன. எழுத்து சற்று அதிகம்தான், சிற்பத்துக்கு இன்னும் இடம் விட்டிருக்கலாம்.

குறையென்று சொல்ல வேண்டியது முகப்பிலுள்ள ஆண்டு. 1933 என்பதை ரோமன் எண்ணில் பொறித்தபோது, ‘எம்’ வர வேண்டிய ஓரிடத்தில் ‘என்’ வந்துவிட்டது. எண்ணையே உயிராகக் கொண்டோருக்கு அளிக்கும் பதக்கத்தில் இந்தப் பிழை உறுத்துகிறது.

பெறுபவரின் பெயரை விளிம்பில் பொறிப்பதை நான் முழு மனத்துடன் ஏற்கிறேன். 1936இல் ஓஸ்லோவில் நடந்த உலகக் கணிதவியலாளர் மாநாட்டில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட லார்ஸ் ஆல்ஃபோர்சும் ஜெஸ்ஸி டக்ளசும் தொடங்கி, எத்தனை பேர் பெற்றாலும் இரு முகங்களும் ஆர்க்கிமிடீசுக்கே உரியவையாக இருக்கின்றன.