வீட்டுப் பாதுகாப்புக்கு 20 கேஜ் பம்ப் ஷாட்கன்: சில வருடம் வைத்திருந்த பிறகு

ஷாட்கன் வாங்கப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் "12 கேஜ் எடு, வேறெதுவும் யோசிக்காதே" என்றுதான் பதில் வரும். கேஜ் என்பது குழலின் அளவு, எண் குறைந்தால் குழல் பெரிது. நான் எடுத்தது 20 கேஜ், பம்ப் ஆக்‌ஷன், மாஸ்பெர்க் 500. பம்ப் என்றால் குழலுக்குக் கீழுள்ள பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது. 12 சொன்னவர்களிடம் காரணம் இல்லாமல் இல்லை. அதன் குழல் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20க்கு 15.6 தான். தற்காப்புக்கென்றே செய்த தோட்டாக்கள் 12-ல் விதவிதமாகக் கிடைக்கும், 20-ல் தேடிப்பிடிக்க வேண்டும். ஆனால் ராத்திரி ஏதாவது நடந்தால் நான்தான் வீட்டில் இருப்பேன் என்று என்ன நிச்சயம்? இரவல் வாங்கிய 12 கேஜில் முழு வேகத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்த என் மனைவி, அடுத்ததற்கு விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

20 என்றால் சுடும்போது தோளில் விழும் உதை இருக்காது என்று மட்டும் நினைக்காதீர்கள். 20 கேஜ் துப்பாக்கிகள் பெரும்பாலும் எடை குறைந்தவை, எடை குறையக் குறைய உதை கூடும், அதனால் காகிதத்தில் தெரியும் வித்தியாசம் தோளில் அப்படியே தெரியாது. 12-லேயே உதை குறைத்த, பெரிய ஈயக் குண்டுகள் கொண்ட பக்‌ஷாட் தோட்டாக்களும் வருகின்றன, கையில் ஏற்கனவே 12 இருப்பவர்கள் அதை மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

கேஜை விடப் பெரிய விஷயம் பின்கட்டையின் நீளம், இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. விசையிலிருந்து கட்டையின் முடிவு வரை, தொழிற்சாலையிலிருந்து வரும்போது பல துப்பாக்கிகளில் 35 சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். நடுத்தர உயரக்காரருக்கே அது நீளம். முன்கை முழுவதும் நீண்டுவிடும், தோளில் சரியாக உட்காராது, பம்பைக் கடைசி வரை இழுக்க வராது. பாதியில் இழுத்து விட்டால் அடுத்த தோட்டா ஏறாமல் மாட்டிக்கொள்ளும், பம்ப் துப்பாக்கி காலை வாருவது பெரும்பாலும் இப்படித்தான். குட்டையான கட்டையும் நல்ல ரப்பர் பேடும் போட்ட பிறகு இந்தத் துப்பாக்கி வேறு துப்பாக்கி ஆகிவிட்டது, இரண்டு பேருக்கும்.

மாஸ்பெர்க்கா ரெமிங்டன் 870-ஆ என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. 870, 1950-லிருந்து இருக்கிறது, இரும்பு ரிசீவர் (இயங்கும் பாகங்கள் இருக்கும் நடு உடல்), உழைக்கும். எங்களுக்கு முடிவு செய்தது சேஃப்டி பொத்தான்தான். மாஸ்பெர்க்கில் அது ரிசீவரின் மேலே பின்பக்கம், கட்டைவிரலுக்கு நேராக இருக்கிறது; 870-ல் விசைக்குப் பின்னால் குறுக்கே அழுத்துவது. மனைவி இடதுகைக்காரி என்பதால் மேலே இருப்பது வசதி. ஆனால் பிஸ்டல் பிடி வைத்த கட்டை மாட்டினால் அந்த வசதி போய்விடும், கட்டைவிரலை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். அழகுக்காக மாட்டாதீர்கள்.

வைத்திருக்கும் முறைக்கு வருவோம். பெரும்பாலான ஷாட்கன்களில் சேஃப்டி விசையைத்தான் தடுக்கிறது, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலையோ ஊசியையோ தடுப்பதில்லை. குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் குழல் அறையில் தோட்டாவோடு துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்பு உண்டு. அதனால் எங்கள் வீட்டில் குழல் அறை எப்போதும் காலி, குழலுக்குக் கீழே தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் குழாய் மேகசினில் மட்டும் தோட்டா, சுத்தியல் இறங்கிய நிலை. அப்படி இருந்தால் பம்பின் பூட்டை விடுவிக்கும் லீவரைத் தேடாமல் பம்பை இழுத்தால் போதும். இத்தனையும் பூட்டிய பெட்டிக்குள்தான், பட்டன் குறியீட்டில் திறப்பது. அலமாரி உச்சியில் வைத்தால் பிள்ளைகளுக்கு எட்டாது என்பவர்களுக்குப் பிள்ளைகளைத் தெரியாது.

மேகசினில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும் பிளாஸ்டிக் தோட்டா, ஸ்பிரிங் அழுத்தத்தில் நசுங்கி உருமாறலாம், பிறகு குழல் அறைக்குள் ஏறச் சண்டித்தனம் செய்யும். அவ்வப்போது எடுத்துப் பார்த்து, பழையதைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிது போடுகிறேன். ஈரக்காற்றில் இரும்பு துருவும், விரல் பட்ட இடத்தில்தான் முதலில் தெரியும், எண்ணெய்த் துணியால் துடைத்தால் சரி. ஆரம்பத்தில் மாட்டிய விளக்குப் பிடி உதையில் திருகு கழன்று ஆடியது, தூக்கி எறிந்துவிட்டு முன்கைப்பிடியோடு சேர்ந்தே வரும் விளக்குக்கு மாறினேன். விளக்கு ஆடம்பரம் இல்லை. இருட்டில் நிற்பது யார் என்று தெரியாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது, நிற்பது பெரும்பாலும் தண்ணீர் குடிக்க எழுந்த வீட்டு ஆளாகத்தான் இருக்கும்.

குறி பார்க்கவே வேண்டாம், பரவிவிடும் என்கிறார்களே, வீட்டு அறைக்குள் உள்ள தூரத்தில் குண்டுகள் ஏறக்குறைய உள்ளங்கை அளவுக்குத்தான் பரவும். குறி பார்த்தே ஆக வேண்டும். ஆளைத் தடுக்கும் அளவு ஆழம் போகிற பக்‌ஷாட், ஜிப்சம் பலகைச் சுவரையும் தாண்டும், ஆக அடுத்த அறையில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். பம்ப் இழுக்கும் சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான் என்பதை நம்பி யாரும் திட்டம் போடாதீர்கள்.

அவசர காலத்துக்கு? பேட்டரி தேவையில்லை, பிரித்துத் துடைப்பது எளிது, ஒரே துப்பாக்கியில் சின்ன ரவையும் பக்‌ஷாட்டும் ஒற்றைப் பெரிய குண்டான ஸ்லக்கும் போடலாம். குறை தோட்டாவின் எடையும் இடமும். 12 கேஜ் 25 கொண்ட ஒரு பெட்டியே ஒரு கிலோவைத் தாண்டும், 20 கொஞ்சம் பரவாயில்லை. மின்சாரம் போய்க் கிடந்த நாட்களில் எங்களுக்கு உதவியது தண்ணீர் கேன், மருந்துப் பை, டார்ச். துப்பாக்கிப் பெட்டியை யாரும் திறக்கவே இல்லை. பட்ஜெட் போடும்போது அந்த வரிசையிலேயே போடுங்கள்.

இன்று புதிதாக வாங்குவதென்றால், பணம் இருந்தால் பெரெட்டா 1301 மாதிரி, வெடிக்கும்போது வரும் வாயுவால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் செமி ஆட்டோ பக்கம் போவேன், பாதியில் இழுக்கும் தொல்லையே இருக்காது, உதையும் மட்டுப்படும். ஆனால் அது 12 கேஜ், விலையும் பம்பைப் போலப் பல மடங்கு. மிச்சமாகும் பணத்தில் பயிற்சித் தோட்டாவும் நல்ல காது மூடியும் வாங்கலாம் என்பதால் இப்போதைக்கு இந்த 20-ஐ மாற்றும் எண்ணம் இல்லை.