நரசிங்கம் கற்றளியில் ஒரு காலை: யானைமலை வழிகாட்டி நடை குறித்த மதிப்புரை

மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும்போதே, யானை ஒன்று கால் மடக்கிப் படுத்திருப்பது போல நீண்டு கிடக்கும் மலை கண்ணில் படும். அதன் அடிவாரத்தில் உள்ள நரசிங்கம் ஊரின் பெருமாள் கோயிலுக்குச் சிறு வயது முதல் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் கருவறையை ஒட்டிய பாறையில் வெட்டப்பட்டிருக்கும் எழுத்துகளைச் சென்ற மாதம் வரை நின்று பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேரை மட்டும் அழைத்துச் செல்லும் ஒரு வழிகாட்டிக் குழுவில், தலைக்கு முந்நூறு ரூபாய் கட்டி நானும் என் மகளும் சேர்ந்துகொண்டோம்.

கோயிலுக்குள் நுழைந்ததும் எங்கள் கையில் ஓர் அச்சிட்ட தாளைக் கொடுத்தார்கள். அதில் கல்வெட்டின் வட்டெழுத்து (பாண்டிய நாட்டில் வழங்கிய பழைய தமிழ் எழுத்துமுறை) வரிகளும், ஒவ்வொரு வரிக்கும் கீழே இக்காலத் தமிழ் எழுத்தும் இருந்தன. வழிகாட்டி கைவிளக்கைப் பாறைக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். அதுவரை வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த கல்லில், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் எழும்பி வந்தன. கற்கோயிலைக் குறிக்கும் ‘கற்றளி’ என்ற சொல்லை என் மகள் தாளோடு ஒப்பிட்டுத் தானாகவே கண்டுபிடித்தாள்.

அந்தக் கல்வெட்டு சொல்லும் செய்தி மனத்தை விட்டு நீங்காதது. பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் என்னும் நெடுஞ்சடையன் பராந்தகனிடம் உத்தரமந்திரியாக (உயர் அமைச்சராக) இருந்த மாறன்காரி, கி.பி. 770-இல் பாறையைக் குடைந்து இக்குடைவரைக் கோயிலை எடுப்பித்தார். ஆனால் ‘நீர்த்தெளித்தல்’ நடக்கும் முன்பே இறந்துபோனார். அவருக்குப் பின் அதே பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன், முகமண்டபத்தைச் செய்து முடித்து நீர் தெளித்தார். இன்று நாம் குடமுழுக்கு என்று சொல்வதற்கு அன்று எவ்வளவு எளிய, ஈரம் மாறாத சொல் இருந்திருக்கிறது! அதே மன்னனின் நிலக்கொடையைப் பதிந்த வேள்விக்குடிச் செப்பேட்டில் அரசாணையை நிறைவேற்றியவராகக் குறிக்கப்படுபவரும் இதே மாறன்காரிதான் என்று வழிகாட்டி சொன்னபோது, பள்ளிப் பாடத்தில் படித்த பெயர் ஒன்று நம் ஊர்ப் பாறையில் வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. அருகிலேயே வடமொழிப் பகுதி, அம்மொழியை எழுதத் தமிழகத்தில் வழங்கிய கிரந்த எழுத்தில் இருக்கிறது. அதைப் படித்துக் காட்டாமல் பொருளை மட்டும் சொல்லிக் கடந்தார்கள். இந்த ஓர் இடத்திலேயே முக்கால் மணி நேரம் நின்றோம். கொடுத்த காசு அதற்கே சரியாகப் போயிற்று.

கட்டடக்கலை பற்றிய விளக்கமும் தெளிவாக இருந்தது. கருவறையும் அதனுள் அமர்ந்திருக்கும் யோக நரசிம்மரும் மலைப்பாறையிலிருந்தே குடைந்தெடுக்கப்பட்டவை. அதனால் மேலே தனியாக விமானம் இல்லை, மலையே கூரையாக நிற்கிறது. முன்னால் நாம் நடந்துவரும் மண்டபங்களோ தூண், உத்திரம், பாவுகல் என்று அடுக்கிக் கட்டிய பிற்காலப் பணிகள். குடைவரையில் உளி ஓர் இடத்தில் தவறினால் அந்தக் கல்லை மாற்ற முடியாது. கட்டடத்தில் ஒரு கல் உடைந்தால் வேறு கல் வைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்லிவிட்டு, பாறை முடிந்து அடுக்குக்கல் தொடங்கும் பொருத்தை வழிகாட்டி தொட்டுக் காட்டினார். இத்தனை ஆண்டுகளாக அந்த வழியாகத்தான் நடந்திருக்கிறேன், ஒரு முறைகூட அதைக் கவனித்ததில்லை.

குறை என்று சொன்னால், லாடன் கோயிலில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். சிறிது தொலைவில் உள்ள அந்த முருகன் குடைவரைக்கு எங்களை அழைத்துச் சென்றபோது கம்பிக் கதவு பூட்டியிருந்தது. திறந்து வைக்கும்படி முன்கூட்டியே யாரிடமும் சொல்லி வைக்கவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. முருகனும் தெய்வயானையும் அருகருகே அமர்ந்திருக்கும் அந்த அருமையான சிற்பத்தைக் கம்பிகளுக்கு இடையில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கட்டணம் வாங்கி அழைத்துச் செல்பவர்கள் இதில் இப்படி அசட்டையாக இருக்கக் கூடாது. மலைமேல் உள்ள சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களையும், ‘இவகுன்றம்’ என்று மலையைக் குறிக்கும் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டையும் வாய்மொழியாகவே முடித்துவிட்டார்கள்; வெயில் ஏறிவிட்டதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போகிறவர்கள் காலை ஏழு மணிக்கே சேர்ந்துவிடுவது நல்லது. பூசை நேரத்தில் கூட்டம் வந்துவிட்டால் கல்வெட்டின் முன் நிற்க இடம் கிடைக்காது. அடுத்த நடை திருப்பரங்குன்றத்துக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். நரசிங்கத்துக்கு மூன்றே ஆண்டுகள் கழித்து, கி.பி. 773-இல், அங்கே துர்க்கைக்கும் சேட்டை என்னும் மூதேவிக்கும் கோயில் எடுப்பித்தவர் நக்கன்கொற்றி என்னும் பெண். அவர் பெயரை வட்டெழுத்தில் தானே தேடிப் படிக்க வேண்டும் என்று மகள் அந்தப் பழைய தாளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள். எங்கள் இருவருக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.