குளோஸ்டு டவர் போட்டால் உப்புத் தொல்லை தீருமா?

கோவைப் பக்கம் ஃபவுண்டரிக்கு, மின்சாரத்தால் இரும்பை உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் வாங்கினால் கூடவே ஒரு கேள்வியும் வரும். அதன் காயிலிலும் பவர் பேனலிலும் ஓடும் தண்ணீரைக் குளிர்விக்க எதைப் போடுவது? திறந்த டவரும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் (தகடுகளின் ஒரு பக்கம் ஃபர்னஸ் தண்ணீரும் மறுபக்கம் டவர் தண்ணீரும் கலக்காமல் ஓடும்) சேர்ந்த ஜோடியா, குளோஸ்டு சர்க்யூட் டவரா, டிரை கூலரா?

டிரை கூலரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது பெரிய கார் ரேடியேட்டர்தான். வெளியே 38 டிகிரி அடித்தால் தண்ணீர் 45-ஐ ஒட்டித்தான் திரும்பி வரும். உருக்கும் காயில் தாங்கிவிடும், தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்ச் உள்ள பவர் பேனல் தாங்காது.

அதே 38 டிகிரியில், ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால், ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் 24 காட்டும். மண்பானை குளிரும் அதே கணக்கு. மற்ற இரண்டு ஏற்பாடுகளும் இதை நம்பித்தான் ஓடுகின்றன. சரியான அளவில் வாங்கினால் இரண்டுமே 31 டிகிரி வரை இறக்கித் தரும். ஆகவே குளிர்ச்சியில் போட்டி இல்லை.

வித்தியாசம் உப்பு எங்கே போய்ப் படிகிறது என்பதில்தான். குளோஸ்டு டவரில் ஃபர்னஸ் தண்ணீர் டவரில் இருக்கும் குழாய்க் காயிலுக்குள்ளேயே சுற்றும். வெளியே இன்னொரு பம்ப் தொட்டித் தண்ணீரைக் காயில்மேல் கொட்டும், ஃபேன் காற்றை இழுக்கும், கொஞ்சம் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகும். 'மூடியது, தண்ணீர் செலவாகாது' என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். மணிக்கு 100 கனமீட்டரை 5 டிகிரி குறைக்க எந்த டவரிலும் ஏறக்குறைய 900 லிட்டர் ஆவியாகும். அதிலிருந்த உப்பு, குளோஸ்டு டவரில், காயிலின் வெளிப்புறத்தில் ஒட்டும். நெருக்கமாக அடுக்கிய குழாய்களுக்கு நடுவே பிரஷ் போகாது, ஆசிட் ஊற்றினால் கால்வனைஸ் பூச்சும் போய்விடும். பேனலுக்கான டிமினரலைஸ்டு (உப்பு நீக்கிய) தண்ணீர் உள்ளே ஓட வேண்டுமென்றால் சாதா இரும்புக் காயில் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காயிலுக்கு விலை எகிறும்.

ஜோடி ஏற்பாட்டில் உப்பு பிளேட்டில் படியும். போல்ட்டைக் கழற்றி, பிளேட்டைப் பிரித்துக் கழுவி மாட்டிவிடலாம். உபரியாக ஒரு எக்ஸ்சேஞ்சர் இருந்தால் ஃபர்னஸை நிறுத்தக்கூட வேண்டாம். கடினமான போர்வெல் தண்ணீர் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் என் ஓட்டு இதற்கே. தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் வைத்து, அதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் குளோஸ்டு டவர் நல்ல சரக்கு: இடம் மிச்சம், கழற்றி மாட்டும் வேலையும் குறைவு.

அப்புறம், எதை வாங்கினாலும் கரண்ட் போனால் பம்ப் நிற்கும், உருகிய இரும்பு ஃபர்னஸுக்குள்ளேயே இருக்கும். ஃபர்னஸ் காயிலுக்கு மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரு அவசர லைன் தனியாக இழுத்துவிடுங்கள். டவர் கொட்டேஷனில் அது பெரும்பாலும் இருக்காது.