கேன்வா ப்ரோ: நோட்டீஸ் போடுகிறவளின் ரிவ்யூ

ரெடிமேட் டெம்ப்ளேட்டில் யாரும் டிசைன் போடக்கூடிய ஆன்லைன் கருவி கேன்வா. அதன் காசு கட்டும் வடிவமான கேன்வா ப்ரோவுக்கு வருஷச் சந்தா கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டலாம். நானும் கட்டுகிறேன். நாகர்கோவிலில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கவடிவமைப்பு மென்பொருளின் காலத்திலிருந்து நோட்டீஸ், கல்யாணக் கார்டு, ஃப்ளெக்ஸ் என்று போட்டுப் பிழைப்பவள் நான். என் வேலையில் பாதியைத் தின்ற சாமானுக்கு நானே சந்தா கட்டுவதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. அது ரிவ்யூவில் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் வாழ்த்து, இன்ஸ்டாகிராம் போஸ்ட், ஜவுளிக்கடையின் ஓணம் ஆஃபர், பள்ளி ஆண்டுவிழா அழைப்பு, இதற்கெல்லாம் இதைவிட வேகமான கருவி என் கைக்கு வந்ததில்லை. ஒரு அளவில் போட்டதை இன்னொரு அளவுக்கு மாற்றுவது ப்ரோவில் நிமிஷ வேலை. இது வந்த வழியும் அப்படி. ஆஸ்திரேலியாவில் மெலனி பெர்கின்ஸ் 2007-இல் பள்ளி இயர்புக் தயாரிக்க ஃப்யூஷன் புக்ஸ் தொடங்கினார். அதிலிருந்துதான் 2013-இல் கேன்வா வந்தது. டிசைன் படிக்காத டீச்சரும் பிள்ளைகளும் பக்கம் போட வேண்டும் என்பதே அஸ்திவாரம். பள்ளி ஆசிரியர்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள். தக்கலை, கருங்கல் பக்கத்து ஸ்கூல் வேலை எனக்கு நின்றுபோனதன் காரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அப்படியே. முன்பெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வரும். கல்யாண ஆல்பத்துக் குரூப் போட்டோவிலிருந்து இறந்தவரை மட்டும் பென் டூலால் வெட்டி எடுப்பேன். இப்போது பேரப்பிள்ளை செல்போனிலேயே பின்னணியை அழித்துவிடுகிறான். என்ன, இந்த மாதிரிக் கருவிகள் எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கும் வெள்ளை வேட்டி ஒரு கண்டம். அண்ணாச்சி இடுப்புக்குக் கீழே காணாமல் போவார்.

தமிழ் எழுத்துரு ஓரளவு இருக்கிறது. ப்ரோவில் நம்முடையதையும் ஏற்றலாம். ஆனால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்த பாமினி என்ற எழுத்துருவில் அடித்த பழைய மேட்டரை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். பாமினியில் 'தமிழ்' என்பதே ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்ற ஐந்து தட்டல்தான். இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, வரிவரியாக ப்ரூஃப் பார்த்தாக வேண்டும். இங்கே எத்தனையோ கோயில் கமிட்டிகளின் வரிதாரர் பட்டியல் இன்னும் பாமினியில்தான் உறங்குகிறது.

அச்சு என்று வரும்போதுதான் விவகாரம். இலவசக் கணக்கில் பிடிஎஃப் ஆர்ஜிபியில்தான், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலப்பில்தான் இறங்கும். அச்சின் நாலு மைகளுக்கான சிஎம்ஒய்கே ப்ரோவுக்கு மட்டும். ஆர்ஜிபி ஃபைலை அப்படியே சிவகாசிக்கு மல்டிகலருக்கு அனுப்பினால் கறுப்பு எழுத்து நாலு கலரிலும் பிரியும். பிளேட் மயிரிழை விலகினால் போதும், சின்ன எழுத்தில் இருக்கும் 'ண'வும் 'இ'யும் சுழிக்குள் மை அடைத்து, ஓரத்தில் சிவப்பு நிழலோடு வரும். திரையில் பளிச்சென்று இருந்த மாதாவின் நீலம் பேப்பரில் சாம்பல் பூசினாற்போல் இறங்கும். "அக்கா, கலர் ஏன் டல்லடிக்கு?" என்று அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள்.

அடுத்தது பங்குத் திருவிழா நோட்டீஸ். கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை பத்து நாள். நாளுக்கு நாள் ஜெபமாலை, திருப்பலி, தலைமை, மறையுரை, சிறப்பிப்போர் என்று பெயர்கள் நெருக்கியடிக்கும். அம்மன் கோயில் கொடை விழா என்றால் வில்லிசையும் வரிதாரர்களும். கேன்வாவில் ஒரு பெட்டியில் நிரம்பிய எழுத்து அடுத்த பெட்டிக்குத் தானாக ஓடாது. மூன்றாம் நாளில் ஒரு அருட்தந்தையின் பெயர் கூடினால், மீதி ஏழு நாளையும் கையால் கீழே தள்ள வேண்டும். இதற்கு இன்டிசைன், இல்லாவிட்டால் கோரல் மாதிரி அச்சுக்கான மென்பொருள்தான். இந்த விஷயத்தில் நான் யாரோடும் சமாதானம் பேசத் தயாரில்லை.

கேன்வா 2024-இல் அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருளை வாங்கி, 2025 அக்டோபரில் அதை இலவசமாக்கியும் விட்டது. இன்டிசைன் விற்கும் அடோபி 2013-இல் சந்தாவுக்கு மாறியபோது, ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிய சிஎஸ்6 பதிப்போடு நின்றுவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கு வீசிய தூண்டில் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஆள் வரத்து குறைந்ததா? இல்லை. வெறுங்கையோடு வந்தவர்கள் இப்போது ஃபைலோடு வருகிறார்கள், அவ்வளவுதான். முன்பு டிசைனுக்குக் காசு, கரெக்ஷன் சும்மா. இப்போது டிசைன் அவர்களுடையது, கரெக்ஷன்தான் முழு வேலையும். அதற்கு ரேட் என்று ஒன்று ஊரில் இன்னும் விழவில்லை. 300 ரூபாய் என்றால், "நான் செஞ்சதைத்தானே சரி பண்ணுதீங்க?" என்பார்கள். தேன் பாட்டிலுக்கு லேபிள் கொண்டுவந்த ஒருவரும் அப்படித்தான் கேட்டார். அவர் லோகோவில் இருந்த தேனீ கேன்வா நூலகத்துப் படம். அதை வைத்து டிரேட்மார்க் எடுக்க கேன்வாவின் லைசன்ஸே விடாது. அதே தேனீ மார்த்தாண்டத்தில் இன்னொருவர் பாட்டிலிலும் உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டினேன். பேப்பரில் புதிதாக ஒரு தேனீ வரைந்து கொடுத்தேன். லோகோவுக்கு உண்டான காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார். டெம்ப்ளேட்டோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு நான் இனி பிடித்துக்கொள்ள நினைப்பது இந்த மாதிரி வேலையைத்தான்.

சொந்தக் கடைக்குத் தினம் போஸ்ட் போடுகிறவர்கள், சின்னத் தொழில் நடத்துகிறவர்கள் தாராளமாக ப்ரோ வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு அழைப்பிதழ் போடுகிறவர்களுக்கு இலவசமே போதும். பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் யாரிடமாவது காட்டுங்கள். திருவிழா நோட்டீஸ் என்றால் மட்டும், கமிட்டிக்காரர்களே, கேன்வாவில் போட்டுக் கொண்டுவராதீர்கள். மேட்டரை டைப் பண்ணிக் கொடுத்தால் போதும். ஒரு பெயர் விட்டுப்போனால் யார் வீட்டு முற்றத்தில் வந்து சண்டை போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.